மிலிட்டரிக்காரர் வீட்டுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்ச் சேவைச் சங்கம் துணை நிற்பது எப்படி

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் போய் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டால், எந்த மிலிட்டரிக்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் வழங்குகிறது. இந்த வட்டாரத்துச் சேவைச் சங்கங்கள், ரோட்டரியோ லயன்ஸோ ஊர்க்காரர்களே பதிவு செய்து நடத்தும் நற்பணி மன்றமோ எதுவாயினும், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன. டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள் வந்ததும் முன்னாள் படைவீரர்களை மேடையேற்றிச் சால்வை போர்த்துகின்றன. இரண்டு விழாக்களையும் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவன் என்ற முறையில், இரண்டும் வேண்டியவைதாம் என்றே சொல்வேன். ஆனாலும் அந்த வீடுகளுக்கு ஒரு சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, உரிய நாளில் உரிய படிவத்தை உடனிருந்து நிரப்பித் தந்து, காரியம் முடியும்வரை விடாமல் பின்தொடர்வதுதான். அதைச் செய்யும் முறையை எங்கள் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

மாணவர் உதவியையும் படைவீரர் உதவியையும் இரண்டு திட்டங்களாகப் பிரித்து, இரண்டுக்கும் வெவ்வேறு தலைவர்களைப் போடும் வழக்கத்தை முதலில் கைவிடுங்கள். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு ஆண்டுப் பணியை முடித்து ஊர் திரும்பும்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவருடைய மகள் அப்போது ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படித்துக்கொண்டிருப்பாள். முன்னாள் படைவீரர் என்றதும் தடியூன்றி வரும் பெரியவரை மட்டுமே மனத்தில் கொள்ளும் சங்கம், வங்கி வாசலிலும் ஆலைக் கதவருகிலும் காவலாளிச் சீருடையில் நிற்கும் இந்த நாற்பது வயதுக்காரரைப் பார்க்கத் தவறிவிடும். அவருடைய தாயார் இன்னொரு படைவீரரின் கைம்பெண்ணாக, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவராகவும் இருக்கக்கூடும். ஓய்வூதியச் சிக்கலும் கல்விக் கட்டணச் சிக்கலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, நம் பதிவேடும் அந்தக் கூரையைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பக்கம்

கடையில் கிடைக்கும் நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பணியாற்றியவரின் பெயர், பதவி, படைப்பிரிவு, ஓய்வு பெற்ற ஆண்டு, ஓய்வூதியம் வருகிறதா இல்லையா, மனைவியின் பெயர் பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பவற்றை எழுதுங்கள். பக்கத்தின் கடைசியில் 'அடுத்து செய்ய வேண்டியது' என்று ஒரு கட்டமும், அதற்கெதிரே ஒரு தேதியும் இருக்கட்டும். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் இந்த நோட்டில் எழுத வேண்டாம். அசல் ஆவணம் எதையும் சங்க அலுவலகத்தில் ஓர் இரவுகூட வைத்திருக்க வேண்டாம். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக் தொலைந்தால் நகல் வாங்குவதற்குள் ஒரு குடும்பம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பின் காரணம் புரியும்.

கணக்கெடுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று சிலர் கேட்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தேநீர்க் கடையில் உட்காருங்கள். ராணுவக் கேன்டீன் அட்டையோடு வேலூருக்குப் புறப்படுகிறவர்களை அங்கேயே பார்க்கலாம். அவர்களில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனால், நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய ஊராட்சியையே முடித்துவிடலாம். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எழுதும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படையில் பணியாற்றியவர்களுக்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் பொறுப்பு. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற துணை ராணுவப் படைகளில் இருந்தவர்களுக்கான நலத்திட்டங்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுடைய பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகைக்குத் தேசியக் கல்வி உதவித்தொகைத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் துணை ராணுவப் படைக்காரரைத் தவறான அலுவலகத்துக்கு இரண்டு முறை அலையவிட்ட பிழையை நாங்களே செய்திருக்கிறோம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்காண்டு பணியாற்றித் திரும்பும் இளைஞர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ ஓய்வூதியமோ கிடையாது. அவர்களுக்கும் நோட்டில் தனிப் பக்கம் வேண்டும். அவர்களுக்குத் தேவைப்படுவது மேற்படிப்புக்கும் வேலைக்குமான வழிகாட்டல்.

நவம்பர் மாதத்து முகாம்

உங்கள் சங்கம் ஆண்டில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், உயிர்வாழ் சான்று முகாமைச் செய்யுங்கள். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், தாம் உயிரோடு இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். முன்பெல்லாம் வங்கி மேலாளர் முன்னால் நேரில் போய் நின்றால் போதும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்தது. பிறகு பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியங்கள் வங்கிகளிடமிருந்து ஸ்பர்ஷ் என்ற இணையத்தளத்துக்கு மாற்றப்பட்டன. பெரியவர்களுக்கு நேர்ந்த குழப்பம் இந்த மாற்றத்தில்தான் பெரிதும் தொடங்கியது. பணம் அதே வங்கிக் கணக்கில்தான் வருகிறது, ஆனால் வழங்குவது வங்கி அல்ல என்பதை எழுபத்தைந்து வயதுக்காரருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

முகாமுக்கு வேண்டியவை நல்ல இணைய இணைப்புள்ள இரண்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், ஒரு விரல் ரேகைக் கருவி, நான்கு கல்லூரி மாணவர்கள், வெளிச்சமான ஒரு திண்ணை ஆகியவை. கைப்பேசிகளில் ஜீவன் பிரமாண் செயலியையும், முகத்தைக் கொண்டு ஆளை உறுதிசெய்யும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் முதல் நாளே நிறுவி, ஒருவருக்குச் செய்து பார்த்துவிட வேண்டும். வருகிறவர்கள் ஆதார் அட்டை, ஆதாரோடு இணைந்த கைப்பேசி, ஸ்பர்ஷ் பிபிஓ எண், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு வர வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்புங்கள். கைப்பேசி பெரும்பாலும் வெளியூர் மகனிடம் இருக்கும். ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) அங்கே போய்ச் சேரும். மகனை அந்த நேரத்தில் அழைப்பை எடுக்கச் சொல்லி வைப்பதும் முகாம் ஏற்பாட்டில் ஒன்று.

விவரங்களை உள்ளிடும்போது தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. ஸ்பர்ஷுக்கு மாறிய தரைப்படை ஓய்வூதியருக்கு, ஓய்வூதியத்தை அனுமதிப்பவர் என்ற இடத்தில் பாதுகாப்புத் துறை, பிசிடிஏ ஓய்வூதியம், அலகாபாத் என்பதையும் (பிசிடிஏ என்பது பாதுகாப்புக் கணக்குத் துறையின் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம்), வழங்குபவர் என்ற இடத்தில் ஸ்பர்ஷ், பிசிடிஏ ஓய்வூதியம், அலகாபாத் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், சான்று உருவாகி எண்ணும் வந்துவிடும். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது. ஆகவே எண் வந்ததோடு அந்த வீட்டை அனுப்பிவிடாமல், சில நாட்கள் கழித்து ஸ்பர்ஷ் தளத்தில் அது ஏற்கப்பட்டதா என்று பார்த்த பிறகே நோட்டில் குறியிடுங்கள்.

குடியாத்தம், வேலூர்ப் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் ஆயுள் முழுதும் பீடி சுற்றியவர்கள். நாற்று நட்டும் பீடி சுற்றியும் தேய்ந்த கட்டைவிரலில் கருவி வாசிப்பதற்கு ரேகை மிச்சமிருப்பதில்லை. எங்கள் முகாம் ஒன்றில் ஒரு மூதாட்டி ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, தன் கையையே குற்றம் சொல்வதுபோலப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண் அவரைத் திண்ணை விளிம்புக்கு அழைத்து வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "ஆயா, இந்த வட்டத்தையே பாருங்க. இப்ப கண்ண ஒரு தடவ மூடித் திறங்க." மூன்றாவது முயற்சியில் சான்று எண் வந்தது. "ஆச்சா கண்ணு? இனிமே பணம் நிக்காதில்ல?" என்று அவர் நான்கு முறை கேட்டார். முக அடையாள முறைக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரையிலான வெளிச்சம் தோதானது. குழல்விளக்கின் கீழ், சுவருக்கு முதுகு காட்டாமல் கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்தால் பல முறை தோற்கும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள். அந்தச் சிறு பயணத்தில் மருத்துவச் செய்திகளும் தெரியவரும். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸில் அவர் உறுப்பினரா, அட்டை செல்லுபடியாகிறதா என்று அங்கேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஒத்துப்போகாத துயரம்

கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் தாமதமாவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலிடம் பெயருக்குத்தான். டிஸ்சார்ஜ் புக்கில் சரோஜா, ஆதாரில் சரோஜாம்மாள், வங்கியில் எம். சரோஜா என்று ஒரே பெண் மூன்று பேராக இருப்பார். முப்பதாண்டுகளுக்கு முன் தமிழ் தெரியாத எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் அது. பிறந்த தேதியும் அப்படியே. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், படைப் பதிவில் வேறொன்று இருக்கும். பழைய பிபிஓ சிலவற்றில் மனைவியின் பெயரே இருக்காது.

இதைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்தால் பாதி வேலை மிச்சம். ஆகவே நவம்பர் முகாமுக்கு வருகிறவரிடமே பிபிஓவையும் மனைவியின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், நல அலுவலகத்தில் கேட்டு உறுதிமொழிப் பத்திரம் முதலியவற்றைத் தயாரித்து, அவருடைய படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டனிலும், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் வழங்கல் படையான ஏஎஸ்சிக்கும் பெங்களூருவிலும், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடிலும், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இஎம்இக்குச் செகந்திராபாத்திலும் பதிவு அலுவலகங்கள் உள்ளன. எந்தப் படைப்பிரிவு என்பதை நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகவே. விண்ணப்பத்தில் படை எண், பதவி, பெயர் மூன்றும் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். நாம் திருத்தி எழுதினால் அதுவே புதிய வேறுபாடாகிவிடும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அவர்களிடமே கொடுத்து, எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் போகும்போது, பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல், பக்குவமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இறந்தவரின் கணக்கில் வரும் ஓய்வூதியத்தை ஏடிஎம் அட்டையால் எடுத்துச் செலவழித்துவிட வேண்டாம். பிறகு அது அதிகப்படித் தொகையாகக் கணக்கிடப்பட்டுத் திரும்பப் பிடிக்கப்படும். இறப்புச் சான்று கைக்கு வந்ததும் ஸ்பர்ஷில் இறப்பைப் பதிவு செய்து, மனைவியின் வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றோடு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டார் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இதைச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். நான்கு மாதம் கழித்து வருமானமும் இல்லாமல் கடனும் ஏறி நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால், அன்றே சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

ஓய்வூதியமே இல்லாத முதியவர்களும் இருக்கிறார்கள். குறைந்த ஆண்டுகள் மட்டும் பணியாற்றி ஊர் திரும்பிய ஹவில்தார் பதவி வரையிலானவர்களும் அவர்களுடைய கைம்பெண்களும், 65 வயதைக் கடந்திருந்தால், பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வறுமை நிவாரணத் தொகை கேட்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை, 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கூரை வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் இப்படியொருவரை எங்கள் கணக்கெடுப்பில் கண்டுபிடித்தோம். அவர் பெயர் எந்தக் கொடிநாள் விழாப் பட்டியலிலும் இருந்ததில்லை.

பிள்ளைகளின் படிப்பு

மாணவர்களுக்குச் சங்கம் தன் பணத்திலிருந்து கொடுப்பது எப்போதும் சிறிய தொகையாகவே இருக்கும். அரசிடமிருந்து அவர்களுக்கு வர வேண்டிய தொகை அதைவிடப் பல மடங்கு பெரியது. எனவே நம் உழைப்பைப் பின்னதில் போடுவதே விவேகம்.

எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். என்எம்எம்எஸ் என்று எல்லோரும் சொல்லும் தேசிய வருவாய் வழி, திறன் படிப்புதவித் தேர்வை, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். படிப்பறிவுத் தாளுக்கு ஆசிரியர்கள் தயார்செய்துவிடுவார்கள். பிள்ளைகள் தடுமாறுவது மனத்திறன் தாளில்தான். எண் தொடர், எழுத்துக் குறியீடு, கண்ணாடி பிம்பம், கடிகார முள் என்று வரும் அந்த வினாக்களைச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பழக்க ஓர் ஆள் போதும். எங்கள் ஊரில் அதைச் செய்கிறவர் சிக்னல்ஸ் பிரிவில் ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார். பணிக்காலம் முழுதும் குறியீடுகளோடு வாழ்ந்தவருக்கு, ஓர் எழுத்துக்குப் பதிலாக இன்னோர் எழுத்து வரும் வினாவைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டுவது விளையாட்டாக இருக்கிறது. முதல் வாரம் அவரை 'சார்' என்றவர்கள் மூன்றாவது வாரமே 'மாமா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு மாலை போட்டதோடு நின்றுவிடும் சங்கங்கள் ஒன்றை அறிய வேண்டும். பெயர் பட்டியலில் வந்தால் பணம் தானாக வராது. தேசியக் கல்வி உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளி அதைச் சரிபார்க்க வேண்டும். மாணவரின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும் பிள்ளைகள்தாம் புதுப்பிக்கத் தவறுகிறார்கள், ஏனெனில் பழைய பள்ளி விட்டுவிடுகிறது, புதிய பள்ளிக்கோ தெரியாது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் 'புதுப்பித்தல்' என்று பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மூன்று ஆண்டுகளுக்கும் இன்றே எழுதிவிடுங்கள்.

மிலிட்டரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. தந்தை பதான்கோட்டிலோ ஜோத்பூரிலோ இருந்தபோது ஆறாம், ஏழாம் வகுப்புகளைக் கேந்திரிய வித்யாலயாவில் படித்த பெண், அவர் ஓய்வு பெற்றதும் எட்டாம் வகுப்பில் ஊர் அரசுப் பள்ளியில் சேர்கிறாள். நன்றாகப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தனக்கு உண்டு என்று அவளும் வீட்டாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை மாநில அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதுதான் முதற்கேள்வி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு இதை அறிந்து அந்த வீடு இடிந்துபோவதைவிட, அவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே நாம் எடுத்துச் சொல்லி வேறு வழிகளுக்குத் தயார்செய்வது நல்லது.

அந்த வேறு வழிகள் சிறியவை அல்ல. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் வாரிசுகளுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு. அதற்கான சான்றை மாவட்ட நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். வெளிமாநிலங்களில் படித்த ஆண்டுகள் இருப்பதால் இருப்பிடச் சான்று கேட்கப்படும். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றோடு இதையும் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். மே மாதக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்கள் இந்த அவசரத்தை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு, மத்திய முன்னாள் படைவீரர் வாரியம் வழங்கும் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது. அதிகாரி நிலைக்குக் கீழ் பணியாற்றியவர்களின் பிள்ளைகளும் கைம்பெண்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். அந்தப் படிப்பில் சேர அடிப்படைத் தகுதியான, பன்னிரண்டாம் வகுப்பு போன்ற தேர்வில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு மாதம் 2,500 ரூபாய் என்பது தொகை. ஆண்டுதோறும் நாடு முழுவதற்கும் 5,500 பேரே தேர்ந்தெடுக்கப்படுவதால், 60 என்பது கதவைத் திறக்கும் மதிப்பெண்ணே தவிர இடத்தை உறுதிசெய்யும் மதிப்பெண் அன்று என்பதைப் பெற்றோரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் நினைவுக்கு வந்து பயனில்லை. எம்பிஏ, எம்சிஏ தவிர்த்த முதுகலைப் படிப்புகளுக்கு இது கிடைக்காது.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளங்கலை படிப்போருக்கும், ஹவில்தார் பதவி வரையிலானவர்களின் குடும்பமாக இருந்தால், முன்பு சொன்ன பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்தே இரண்டு பிள்ளைகள் வரை கல்வி உதவித்தொகை உண்டு. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பர் முதல் 2,000 ஆகியிருக்கிறது. மாநில நல அலுவலகத்திலும் கல்வி உதவிகள் உள்ளன. ஒரே ஆண்டுப் படிப்புக்கு இரண்டு இடங்களில் வாங்குவது பிறகு சிக்கலாகலாம் என்பதால், எது அந்த வீட்டுக்கு நல்லது என்று அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு, திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு நடக்கிறது. பெண்களும் இப்போது சேர்க்கப்படுகிறார்கள். படைவீரர், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடும் இருக்கிறது.

பணமும் கணக்கும்

பதிவு செய்யாத சங்கமாக இருந்தால், ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகைக்கு வருமான வரித் துறையில் தனியாகப் பதிவு பெற வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் கதை வேறு. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

திரட்டும் பணத்தில் ஒரு பகுதியைச் சுழல்நிதியாக வையுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. அரசு உதவித்தொகை வருவதற்கும் கல்லூரி கட்டணம் கேட்பதற்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வட்டியில்லாமல் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறும் ஒரு சிறு நிதி, நோட்டுப் புத்தகங்களைவிட நெடுங்காலம் பயன்தரும். தொகையைக் கல்லூரியின் கணக்குக்கே நேராகச் செலுத்தி, ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கிறவர்களாக அவர்கள்

படைவீரர்களை உதவி பெறுகிறவர்களாக மட்டுமே வைத்திருப்பது அவர்களுக்கும் ஊருக்கும் இழப்பு. விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் இளைஞர்களை ஓடவைத்து, காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் உடலைத் தயார்செய்ய அவர்களைவிடத் தகுந்தவர் யார்? ராணுவத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம் என்பதை நாம் சொல்வதைவிட, ஒரு சுபேதார் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். பயிற்சி வகுப்பானாலும் மைதானமானாலும், பெரியவர்கள் இருவராவது எப்போதும் இருக்க வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும், பிள்ளைகளைத் தனியே வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்பதை எழுத்தில் வைத்து, எல்லோரிடமும், மதிப்புக்குரிய பெரியவர்களிடமும்கூட, கையொப்பம் வாங்குங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

பணியிலிருந்து வந்த சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, மாலையானால் குடியில் அமிழ்வதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அவரைத் திருத்தப் போவதாக நான்கு பேர் சேர்ந்து வீட்டுக்குப் போகாதீர்கள். அவரோடு பணியாற்றிய, அவர் காலத்துப் பேச்சைப் பேசத் தெரிந்த ஒருவர் தனியாகப் போகட்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி அவர் மனைவியிடம் கொடுத்து வைக்கலாம்.

கொடிநாள் விழாவில் பதவியைச் சொல்லி அழையுங்கள். ஹவில்தாரைச் சிப்பாய் என்று அறிவித்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அடுத்த ஆண்டு வரமாட்டார். போரில் கணவரை இழந்த பெண்ணை மேடையில் நிறுத்தி அவர் கதையை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். உதவி பெறும் மாணவியின் படத்தை அவளும் பெற்றோரும் ஒப்பாமல் எங்கேயும் வெளியிட வேண்டாம்.

ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஜூலை 1ஆம் தேதி பொறுப்பாளர்கள் மாறுவார்கள். புதிய தலைவர் புதிய திட்டத்தோடு வருவார், நோட்டு பழைய செயலாளரின் அலமாரியில் கிடக்கும், நவம்பர் வந்துபோகும். இதைத் தவிர்க்க, பதிவேட்டைக் காக்கும் பொறுப்பை மட்டும் ஆண்டுப் பதவியோடு சேர்க்காமல், மூன்று ஆண்டுகளுக்கு ஒருவரிடமும் அவருக்குத் துணையாக ஓர் இளைஞரிடமும் ஒப்படைத்துத் தீர்மானம் போட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் அந்தத் துணை, திண்ணை விளிம்பில் அன்று அந்த மூதாட்டியைக் கண் சிமிட்டச் சொன்ன பெண்தான். சென்ற ஜூன் கடைசி வாரத்தில் அவள் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டி, 'அடுத்து செய்ய வேண்டியது' கட்டத்தில் தேதி இல்லாத வீடுகள் பதினொன்று என்று எண்ணிச் சொன்னாள். அந்தப் பதினொரு வீட்டுக்கும் போய்விட்டு வந்த பிறகே புதிய தலைவரின் பதவியேற்புக்கு அழைப்பிதழ் அச்சடித்தோம்.